எதில் பாதி?

பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வருகிறது. கணக்குத் தாளில் முதல் பிரிவுக்கு 7/10, இரண்டாம் பிரிவுக்கு 8/10. இரண்டையும் கூட்டி மேல் மூலையில் சிவப்பு மையால் 15/20 என்று எழுதி வட்டமும் போட்டிருக்கிறார் ஆசிரியர். அடுத்த நாள் அதே ஆசிரியர் கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதுகிறார். 2/5 என்று விடை எழுதிய பிள்ளைகளின் நோட்டில் அதே சிவப்பு மையால் இன்டூ விழுகிறது. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டக் கூடாது என்று எத்தனை முறைதான் சொல்வது? விடைத்தாளில் மட்டும் அப்படிக் கூட்டலாமா என்று பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் வகுப்புக்கு அன்றைக்கு ஒரு நல்ல கணக்குக் கிடைத்திருக்கும்.

2/5 என்று எழுதிய பிள்ளை ஒன்றும் மடையன் இல்லை. இரண்டு ஆட்டம் ஆடி ஒன்றில் வென்று, பிறகு மூன்று ஆட்டம் ஆடி ஒன்றில் வென்ற கபடி அணி, மொத்தம் ஐந்து ஆட்டத்தில் இரண்டை வென்றிருக்கிறது. மேலும் கீழும் கூட்டியதுதான் அங்கே சரி. மதிப்பெண்ணும் அப்படியே: ஒரு பத்தும் இன்னொரு பத்தும் சேர்ந்து இருபதாகின்றன. தோசைக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. பாதித் தோசையைத் தின்றுவிட்டு, அதே அளவுள்ள இன்னொரு தோசையில் மூன்றில் ஒரு பங்கையும் தின்றவன், மொத்தம் ஒரு தோசையில் ஐந்தில் இரண்டு பங்குதான் தின்றேன் என்றால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள். ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவாயிற்றே, தின்னத் தின்னக் குறையுமா? இரண்டு இடத்திலும் எழுதும் முறை ஒன்றுதான், நடுவில் போடும் கோடும் ஒன்றுதான். கீழே நிற்கும் எண் எந்த முழுமையைச் சொல்கிறது, கூட்டும்போது அந்த முழுமை அப்படியே நிற்கிறதா, தானும் சேர்ந்து பெருகுகிறதா என்பதில் இருக்கிறது வேறுபாடு.

பின்னம் கற்பிப்பதில் இரண்டு வேலைகள் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, ‘எதில்?’ என்று விடாமல் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவது. எதில் பாதி, எதில் கால், எதில் மூன்றில் இரண்டு? அடுத்தது அதற்கு நேர் எதிரான வேலை: ஒரு கட்டத்தில் அந்தக் கேள்வியைக் கீழே வைத்துவிட்டு, பாதியைப் பாதியாகவே, ஏழு எட்டைப் போல ஓர் எண்ணாகவே பார்க்கப் பழக்குவது. முதல் வேலையை நம் வகுப்பறைகள் இரண்டு மூன்று பாடவேளைகளில் முடித்துக்கொள்கின்றன. இரண்டாவது என்று ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிக்கிற பிள்ளையைத்தான் ‘இதுக்குக் கணக்கு வராது’ என்கிறோம்.

பாதி என்பது வீட்டிலிருந்தே பிள்ளையோடு வரும் சொல். நான்கைந்து வயதில் அதற்கு ‘இரண்டு துண்டில் ஒன்று’ என்பதற்கு மேல் பொருள் இருப்பதில்லை. ‘எனக்குப் பெரிய பாதி’ என்று கேட்கும் பிள்ளையிடம் பிழை காண வேண்டியதில்லை. உடைந்தால் பாதி, அதில் பெரிசும் உண்டு சின்னதும் உண்டு. சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள் நுழைவது சண்டையின் வழியாகத்தான். கடலை மிட்டாயை அண்ணன் உடைக்கிறான், தங்கை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒழுங்காக எண்ணத் தெரியாது, ஆனால் தன் பங்கு குறைந்தால் தெரியும். ‘நீ உடை, அவ எடுக்கட்டும்’ என்று அம்மா தீர்ப்புச் சொன்னதும் அண்ணனின் விரல்கள் நடுமத்தியைத் தேடத் தொடங்குகின்றன. சமபாகத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

முழுமை எது என்ற பாடத்துக்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். பூக்காரம்மாவின் முழம் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. அவர் அளந்து கிள்ளிக் கொடுத்த பூவை வாங்கும் பெண் தன் கையில் வைத்துப் பார்க்கிறாள். ‘என்னக்கா, உங்க கைக்கு ஒரு முழம், என் கைக்கு முக்கால்தான் வருது.’ ‘அளந்து ஒரு விரக்கடை கூடத்தாம்மா விட்டிருக்கேன், போம்மா.’ இந்த வழக்கில் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே சரம் ஒரு கைக்கு ஒன்று, இன்னொரு கைக்கு முக்கால். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று இதைக் கேட்கும் பிள்ளை, பின்னத்தின் ஆதாரமான விதியைக் காதால் வாங்கிக்கொள்கிறது. அளவுகோல் மாறினால் பின்னம் மாறும், பூ மாறுவதில்லை.

ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். டீச்சர் சார்ட் பேப்பரில் வட்டம் வட்டமாக வெட்டி வைத்திருந்தார். நாலு பிள்ளைகள் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று வட்டம், ஒரு கத்தரிக்கோல். ‘மூணு சப்பாத்தி, நாலு பேரு. சண்டை வராம பங்கு போடுங்க’ என்று சொன்னதோடு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

ஒரு குழு இரண்டு சப்பாத்தியைப் பாதி பாதியாக்கி ஆளுக்கு அரை கொடுத்தது. மூன்றாவதை நாலாக்கி ஆளுக்குக் கால் கொடுத்தது. அடுத்த குழு மூன்று சப்பாத்தியையும் தனித்தனியே நாலாக வெட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டது. இதை எட்டிப் பார்த்த முதல் குழுப் பெண்ணுக்கு மனம் ஆறவில்லை. ‘டீச்சர், அவங்களுக்கு மூணு துண்டு கெடைச்சிருக்கு, எங்களுக்கு ரெண்டுதான்.’ ‘அப்ப அவங்களுக்கு அதிகமா?’ என்று கேட்டுவிட்டு டீச்சர் பேசாமல் நின்றார். ஒரு பையன் தன் அரை வட்டத்தின் மேல் பக்கத்துக் குழுவின் இரண்டு கால் துண்டுகளை வைத்துப் பொருத்திப் பார்த்தான். ஓரம் ஓரத்தோடு ஒட்டியது. மிச்சம் இருந்தது இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால். ‘ரெண்டும் முக்கால்தான் டீச்சர்!’

அந்தக் கணத்தில்தான் முக்கால் ஓர் எண்ணாகத் தலைகாட்டுகிறது. துண்டுகளின் எண்ணிக்கை வேறு, வெட்டிய விதம் வேறு. ஆனாலும் ஏதோ ஒன்று இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. அந்தப் பொதுவுக்குப் பெயர் முக்கால்.

மூன்றாவது குழு இன்னும் சுவாரசியமானது. அவர்களும் நாலு நாலாகத்தான் வெட்டினார்கள். ஆனால் பன்னிரண்டு துண்டையும் குவித்துப் போட்டு ஆளுக்கு மூன்று எடுத்துக்கொண்டு, சிலேட்டில் 3/12 என்று எழுதினார்கள். முக்கால் என்று அறிவித்திருந்த பையன் ‘தப்பு டீச்சர்’ என்று உடனே எழுந்தான். பல வகுப்பறைகளில் இந்த இடத்தில் அழிப்பான் வந்திருக்கும். இந்த டீச்சர் மூன்றாம் குழுவிடம், ‘எதுல மூணு?’ என்றார். ‘பன்னெண்டுல.’ ‘பன்னெண்டும் எத்தனை சப்பாத்தி?’ ‘மூணு.’ முக்கால் என்றவனிடம் திரும்பினார். ‘நீ சொன்னது எதுல முக்கால்?’ அவன் யோசித்துவிட்டு, ‘ஒண்ணுல’ என்றான். மொத்தச் சப்பாத்தியில் பன்னிரண்டில் மூன்று; ஒரு சப்பாத்தியில் நாலில் மூன்று. தட்டில் கிடந்தது ஒரே அளவு. எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் இரண்டு விடையும் சரி, சொல்லாவிட்டால் இரண்டும் அரைகுறை.

பங்கு போடுவதில் பின்னம் தொடங்குவது புதிய உத்தி அல்ல. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் ஏட்டின் முதல் ஆறு கணக்குகளும் ரொட்டிப் பங்கீடுதான்: 1, 2, 6, 7, 8, 9 ரொட்டிகளைப் பத்துப் பேருக்குப் பிரிக்க வேண்டும். ஆறு ரொட்டிக்கு அங்கே வரும் விடை ஆளுக்கு அரையும் பத்தில் ஒன்றும். முதலில் பெரிதாக வெட்டக்கூடியதை வெட்டிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சிறிதாக்குவது. நான்காம் வகுப்பின் முதல் குழு செய்ததும் இதையேதான். நெதர்லாந்தின் லேன் ஸ்ட்ரேஃப்லாந்த் இப்படிப் பங்கு போடுவதையே அடித்தளமாக வைத்து ஒரு முழுப் பாடத்திட்டத்தை வகுத்தார். அதை விளக்கும் அவருடைய நூல் 1991இல் வந்தது. மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் சுப்ரமணியமும் அவருடன் இருந்தவர்களும் இந்த வழியை நம் நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மேலே சப்பாத்தி, கீழே ஆட்கள் என்று ஆகிவிட்டால், 1/7 பெரிதா 1/8 பெரிதா என்ற கேள்வியில் எந்தப் பிள்ளையும் விழுவதில்லை. பந்தியில் ஒரு ஆள் கூடினால் பங்கு குறையும் என்பது அதற்குத் தெரியும்.

நம் பாடநூல்கள் பெரும்பாலும் வேறு வாசல் வழியாக நுழைகின்றன. ஒரு செவ்வகம், நாலு கட்டம், மூன்று கட்டத்துக்கு நிழல். ‘நிழலிட்ட பகுதியின் பின்னம் எழுதுக.’ பிள்ளை நிழலிட்டதை எண்ணி மேலே போடுகிறது, எல்லாவற்றையும் எண்ணிக் கீழே போடுகிறது. விடை சரி. ஆனால் இதில் அது செய்தது இரண்டு முறை எண்ணியது மட்டுமே. எண்ணத் தெரிந்த எவரும் பின்னம் தெரியாமலே இந்தப் பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு சதுரத்தை நடுவில் கோடு போட்டுப் பாதியாக்கி, ஒரு பாதியை மட்டும் மறுபடி இரண்டாக்கி, அந்தச் சின்னத் துண்டு ஒன்றுக்கு நிழல் போட்டுக் கொடுங்கள். தயக்கமில்லாமல் 1/3 என்று வரும். கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், இரண்டும் தனித்தனி. 7/8 என்பது ஏழும் எட்டும். ஒன்றை ஒட்டி நிற்கும் ஒற்றை அளவு என்று அதற்குத் தோன்றுவதே இல்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. 1978இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு? கணக்குப் போட வேண்டாம், மதிப்பிட்டால் போதும். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. சரியான விடையான இரண்டைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 என்றோ 21 என்றோ சொன்னார்கள். மேலிரண்டையும் கூட்டினால் 19, கீழிரண்டையும் கூட்டினால் 21. ஒன்றுக்கும் குறைந்த இரண்டு அளவுகள் சேர்ந்து 19 ஆவது எப்படி என்ற உறுத்தல் எழவே இல்லை, ஏனென்றால் அவர்கள் முன்னால் இருந்தவை அளவுகள் அல்ல, நாலு முழு எண்கள். மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்கும் முறையை அவர்களில் பலர் அதற்கு முன்பே படித்து முடித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நம் பழைய திண்ணைப் பள்ளியை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே பின்னங்களுக்கு மேலும் கீழும் என்று ஏதும் கிடையாது. அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. பொன்னிலக்கம் சொல்லத் தொடங்கும் பிள்ளையின் வாயில் முதலில் வருவது ஒன்று அல்ல, 320இல் ஒரு பங்கான முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால் என்று படியேறித்தான் ஒன்றுக்கு வர வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்பது தொடக்கம் இல்லை, நடுவில் வரும் ஒரு நிறுத்தம். காணியை ஓர் எண்ணாகப் பார்ப்பதில் அதற்கு எந்தச் சிக்கலும் இருந்திருக்காது. இன்றைய பிள்ளை தவறவிடும் இரண்டாவது வேலையை அந்த முறை முதல் நாளே முடித்துவிட்டது.

இதைச் சொல்லி ஏக்கப்படுவதில் எனக்கு விருப்பமில்லை. பிரம்புக்குப் பயந்து ஒப்பித்த கணக்கு அது. கூலி நெல்லை மரக்காலில் அளந்து வாங்கியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தத் திண்ணைக்கு வெளியேதான் நின்றார்கள். கணக்கிலும் அதற்கு எல்லை உண்டு. 320 மூன்றால் வகுபடாது; எனவே சந்தையில் புழங்கிய படிகளில் மூன்றில் ஒன்றுக்குச் சரியான இடம் இல்லை. முந்திரியிலிருந்து கீழ்முந்திரிக்கும், அதிலிருந்து 21,50,400இல் ஒரு பங்கான இம்மிக்கும் இறங்கினால்தான் அது கைக்கு வரும்: 7,16,800 இம்மி. கோடு போட்டு மேலும் கீழும் எழுதும் முறையில் இது 1/3, இரண்டு இலக்க வேலை. எந்தப் பின்னத்தையும் நொடியில் எழுதிவிடும் ஆற்றலை அந்தக் கோடு கொடுத்தது. அதற்கு நாம் கொடுத்த விலை, ஓர் எண் பார்வைக்கு இரண்டாகத் தெரிவது. விலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். விலை கொடுத்ததை மறந்துவிட்டுப் பாடம் நடத்துகிறோம் என்பதுதான் என் புகார்.

இன்னொரு இழப்பு கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை பின்னம் சட்டைப் பையில் கிடந்தது. வீசம் ரூபாய் ஓர் அணா, அரைக்கால் ரூபாய் இரண்டு அணா, கால் ரூபாய் நாலணா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானது. அளவைகளும் அடுத்தடுத்து மெட்ரிக்குக்கு மாறின. முக்கால் ரூபாய் 75 பைசாவாயிற்று, முக்கால் கிலோ 750 கிராமாயிற்று; பின்னமாக இருந்ததெல்லாம் முழு எண்ணாக உருமாறியது. 2011 ஜூன் 30 உடன் கால் ரூபாய் நாணயமும் செல்லாமல் போயிற்று. இன்றைய ஒன்பது வயதுப் பிள்ளை கால் ரூபாயைத் தொட்டதே கிடையாது. கடைக்காரரின் மின்னணுத் தராசில் அது பார்ப்பது 0.250. கணக்குச் சுலபமானது எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் கடைத்தெரு இலவசமாக நடத்திவந்த ஒரு பாடம் நின்றுபோனது, அந்தப் பாடவேளையும் இப்போது பள்ளியின் தலையில்தான் விழுந்திருக்கிறது.

பள்ளி அதைச் செய்ய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்து ஆளுக்கொரு பட்டை கொடுத்தால் போதும். இரண்டாக மடி, மறுபடி மடி, மறுபடி மடி. பிரித்தால் எட்டு சம பாகம், மடிப்புக் கோடுகளில் அரையும் காலும் அரைக்காலும் வரிசையாக நிற்கும். அடுத்து ‘மூணாக மடி’ என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு திணறும். பாதியாக மடித்துவிட்டு ஒரு பாதியை மறுபடி மடிப்பவர்கள் இருப்பார்கள். துண்டு மூன்று, சமம் இல்லை. சிலர் உத்தேசமாக மடித்து, மிஞ்சுவதை மெல்ல மெல்ல இரு பக்கமும் தள்ளித் தள்ளி ஓரங்களைச் சேர்ப்பார்கள். மூன்றில் ஒன்று என்பது பாதியிலிருந்தோ காலிலிருந்தோ பிறக்காத வேறு குடும்பம் என்பதை அந்த விரல்கள் உணர்ந்துகொள்கின்றன. அப்படி மடித்தவர்களிடம் பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு முறை இரண்டாக மடிக்கச் சொன்னால் ஆறு பாகம். இப்போது பாதிக் கோடும் மூன்றில் ஒரு பங்குக் கோடும் ஒரே பட்டையில் இருக்கின்றன. 1/2 என்பது ஆறில் மூன்று, 1/3 என்பது ஆறில் இரண்டு, சேர்த்தால் ஆறில் ஐந்து. பொது மடங்கு என்ற பெயரைச் சொல்லாமலே அது கைக்கு வந்துவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் முதல் வேலை. இனி இரண்டாவது.

‘பாதி பெரிதா, கால் பெரிதா?’ என்று மூன்றாம் வகுப்பில் கேளுங்கள். பாதி என்று ஒருமித்த குரலில் வரும். எப்போதாவது ஒரு பிள்ளை, ‘எந்தத் தோசையில டீச்சர்?’ என்று கேட்கும். ஊத்தப்பத்தில் கால், குட்டித் தோசையில் பாதியைவிடப் பெரிதாக இருக்கலாமே. ‘எதில்?’ என்ற பாடத்தை முழுதாக உள்வாங்கிய பிள்ளை அது. அதன் கேள்விக்கு நியாயமான பதில், ‘தோசையைப் பொறுத்தது.’ ஆனால் அதே பிள்ளை ஆறாம் வகுப்பில் 1/2 > 1/4 என்று எழுத வேண்டும். எப்போதும், எங்கும், தோசையே இல்லாமல். இரண்டு பதிலும் உண்மை. முதல் உண்மையிலிருந்து இரண்டாவதற்கு எப்படி நடந்து போவது என்று யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

நடந்து போக வழி எண்கோடுதான். அதற்கு முன்படி அளத்தல். சோவியத் உளவியலாளர் தவீதவ் எண்களையே அளவீட்டிலிருந்து தொடங்கச் சொன்னார். ஒரு குச்சியால் பெஞ்சை அளக்கிறோம். நாலு குச்சி நீளம் போனபின் கொஞ்சம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்கு என்ன பெயர்? குச்சியை மூன்றாகப் பிரித்தால் அதில் இரண்டு பொருந்துகிறது, ஆகவே நாலேமூன்றில் இரண்டு. இங்கே பின்னம் வெட்டுப்பட்ட துண்டு அல்ல, இரண்டு முழு எண்களுக்கு நடுவே இருக்கும் ஓர் இடம். அடுத்து அந்தக் குச்சியை எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றாக, இனி மாறாத ஒன்றாக ஒரு கோட்டின் மேல் பதித்துவிடுகிறோம். இங்கே 0, இங்கே 1. முழுமை எது என்ற கேள்விக்கு ஒரே ஒரு முறை, எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்லியாயிற்று. அதனால்தான் இனி அதைக் கேட்க வேண்டியதில்லை. கேள்வி மறைந்துபோகவில்லை, கோட்டுக்குள் இறங்கிவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் கணிதப் பேராசிரியராக இருந்த ஹுங்-ஷி வூ, பின்னத்தை எண்கோட்டின் புள்ளியாகவே வரையறுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வாதாடியவர். 2010இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு ஆசிரியர்களுக்கு வெளியிட்ட கையேடும் தொடக்க வகுப்பிலிருந்தே எண்கோட்டை முதன்மைக் கருவியாக்கச் சொன்னது. அங்கும் பிரிட்டனிலும் பல ஆண்டுகள் திரட்டிய தரவுகளைக் கொண்டு ராபர்ட் சீக்ளரும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு பிடிபட்டிருக்கின்றன என்பது பதினாறு வயதின் இயற்கணிதத்தைப் பெரிதும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது என்று காட்டியது.

வகுப்பறையில் இதைச் செய்யச் சுவருக்குச் சுவர் ஒரு கொடிக் கயிறும், துணி கிளிப்பும், அட்டைகளும் போதும். கயிற்றின் ஒரு முனையில் 0, நடுவில் 1, மறுமுனையில் 2. 1/2 அட்டையை மாட்டுவதில் யாருக்கும் சிரமமில்லை. 2/4 அட்டையோடு வந்த பிள்ளை, ஏற்கெனவே 1/2 தொங்கும் இடத்தில் நின்று முழிக்கும். ஓர் இடத்துக்கு இரண்டு பெயரா? 5/4 அட்டைக்கு வந்தால் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரியும். நிழலிட்டுப் பழகியவர்கள் அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்பார்கள்: ‘நாலு கட்டத்துல அஞ்சுக்கு எப்படி டீச்சர் நிழல் போடுறது?’ அளந்து பழகியவர்கள் கால் காலாகத் தாண்டி ஒன்றைக் கடந்து போய்ச் சாவகாசமாக மாட்டுவார்கள். தகாபின்னம் என்று நாம் பெயர் வைத்து ஒதுக்கிய ஒன்று, கயிற்றில் மற்ற எதைப் போலவும் ஓர் அட்டை.

கயிறு நிறைந்துகொண்டே போகும்போதுதான் உண்மையான கணிதம் தொடங்குகிறது. ஏழுக்கு அடுத்தது எட்டு. பாதிக்கு அடுத்தது என்ன? 3/5 என்பான் ஒருவன். அதற்கு முன்னால் 5/9 இருக்கிறதே என்பாள் இன்னொருத்தி. இரண்டு பின்னங்களுக்கு நடுவில் ஒன்றைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டுவது. 1/3, 1/2 இரண்டுக்கும் நடுவில் தவறாமல் 2/5 உட்கார்ந்திருக்கும். கூட்டல் என்று எழுதினால் இன்டூ வாங்கும் அதே வேலை, இடைப்பட்டதைத் தேடும்போது ஒருபோதும் பொய்க்காத கருவியாகிவிடுகிறது. அதை மறுபடி மறுபடி செய்துகொண்டே போகலாம், இடம் தீராது. பாதிக்கு அடுத்த பின்னம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எண் என்றால் ஒன்றையடுத்து ஒன்றாக வரிசையில் வருவது என்ற நம்பிக்கையைப் பிள்ளை முதன்முதலாக இழக்கும் இடம் இது. இந்த இழப்புக்கு அதைத் தயார்ப்படுத்தாமல் பின்னப் பெருக்கலின் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பருவத்தில் ஓர் இயல், அதற்குள் வகைகள், ஒப்பிடுதல், கூட்டல், கழித்தல் எல்லாம் முடிய வேண்டும். நான் கேட்பது புதிய பாடங்கள் அல்ல, இருப்பவற்றின் வரிசை மாற வேண்டும் என்பதுதான். தகு, தகா, கலப்பு என்று வகைப்படுத்துவதை இரண்டு ஆண்டு தள்ளிப் போடலாம். ஒன்றும் குடி முழுகாது. மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் பங்கு, மடிப்பு, அளவு இவை மட்டும் போதும். ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ‘எதுல?’ என்ற கேள்வி வர வேண்டும். ஐந்தாம் வகுப்பு முழுக்கக் கயிறு தொங்கட்டும். விதிகள் ஆறாம் வகுப்பில் வந்தால் போதும், அப்போது அவை பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சுருக்கி எழுதும் வழியாகத்தான் இருக்கும். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘பாதி பெரிதா, கால் பெரிதா?’ என்று சின்ன வகுப்புக்குக் கேள்வி கொடுத்தால், ‘எந்தத் தோசையில்?’ என்று திருப்பி எழுதும் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.